பத்து மணிக்கு விழும் இலை

மாசாணியம்மாள் துடைப்பத்தோடு ஆறாம் கட்டிலை நெருங்கினாள். ஐயாசாமியின் பித்தளைப் பெட்டிக்குள் விரிந்து நின்ற தங்க இலை மெல்லச் சாயத் தொடங்கியது.

"பாத்தீங்களா?" என்றார் கம்பவுண்டர் சுந்தரராஜுலு. "நேத்தும் இதே பத்து மணி. இதே பொம்பளை."

கல்லூரியில் விஞ்ஞானம் கற்பிக்கும் ஐயாசாமியை அந்தக் கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்கு வரவழைத்தது, ஓர் அங்குலம்கூட இல்லாத ஓர் ஊசி. ஆறாம் கட்டில் தம்பிதுரையின் கழுத்துக் கட்டியில் நூல் கோத்த ஏழு ரேடியம் ஊசிகளைக் குத்தி வைத்திருந்தார்கள். ஏழாம் நாள் எடுத்தபோது ஆறுதான் இருந்தன.

ரேடியம் இருட்டில் மின்னும் என்று ஜன்னல்களை அடைத்துவிட்டுத் தேடினார்கள். பிளாட்டினக் குழாய்க்குள் அடைத்த ரேடியம் மின்னாது. ஆனால் அதன் கதிர் குழாயைத் துளைத்துக்கொண்டு வரும். அது பட்ட காற்று மின்சாரத்தைக் கடத்தும். மின்னேற்றி விரித்த தங்க இலை அரை மணி நேரம் நிற்க வேண்டியது, பக்கத்தில் ஊசி இருந்தால் இரண்டு நிமிஷத்தில் விழுந்துவிடும்.

மற்ற ஆறு ஊசிகளையும் ஈயப் பெட்டியில் போட்டு வேறு கட்டடத்துக்கு அனுப்பியாகிவிட்டது. மாசி மாதம், இலையைச் சாய்க்கும் ஈரமும் காற்றில் இல்லை. அப்படியும் பத்து மணிக்கு விழுகிற இலை, பதினொன்றுக்கு அதே இடத்தில் நிமிர்ந்து நிற்கிறது. குப்பைக் குழியிலும் மாசாணியம்மாளின் குடிசையிலும் அது அசையவே இல்லை.

"எங்கயோ ஒளிச்சு வெச்சிருக்கறா. கூட்டற சாக்குல இடம் மாத்தறா," என்றார் கம்பவுண்டர்.

"ஏனுங்க, திருடுனத மடியில முடிஞ்சுட்டுத் தெனமும் வேலைக்கு வாரதுக்கு நான் என்ன கிறுக்கச்சிங்களா?" என்றாள் மாசாணியம்மாள். "நர்சம்மா சேலைய ஒதறிப் பாத்தாங்க. இன்னும் தோலத்தான் உரிச்சுப் பாக்கோணும்."

கட்டிலில் தம்பிதுரை கழுத்துக் கட்டோடு உட்கார்ந்திருந்தார். மனைவி சின்னாத்தாள் கஞ்சித் தூக்கைத் திறந்துகொண்டிருந்தாள். சிங்காநல்லூரில் உறவுக்காரர் வீட்டில் தங்கி, தினமும் பத்து மணிப் பார்வை நேரத்துக்கு வந்துவிடுவாள். எட்டு மாதப் பெண் குழந்தை தகப்பன் மடியில் சிணுங்கிக்கொண்டிருந்தது.

"வாத்தியாருங்க, அந்த ஊசியோட காரம் எப்பத் தீருமுங்க?" என்று கேட்டார் தம்பிதுரை.

இப்படி யாராவது கேட்டால் ஐயாசாமிக்கு வந்த வேலை மறந்துவிடும். "ரேடியத்துக்குள்ளயே பங்காளிக இருக்கறாங்க. ஒரே கொலம், ஒரே கொணம்; எடை மட்டும் வேற. ஐசோடோப்னு பேரு. ஒரு பங்காளி நாலே நாள்ல பாதியாயிருவான். இந்த ஊசியில இருக்கறவன் பாதியாகறதுக்கு ஆயிரத்து அறுநூறு வருஷமாகுமுங்க."

"அப்ப ஏழேழு தலைமுறைக்கும் வருமுங்க," என்ற தம்பிதுரை குழந்தையின் தலையைத் தடவினார்.

"அதெல்லாம் அப்பறம் பேசலாம், மொதல்ல கஞ்சியக் குடிங்க," என்றாள் சின்னாத்தாள். "இவ ராத்திரியெல்லாம் தூங்கலீங்க. வேர்க்குருவாட்டம் இருக்குது. மொத ரெண்டும் தங்கல, இவளாச்சும் நல்லாருக்கோணும்."

கொஞ்ச நேரத்தில் பார்வை நேரம் முடியும் மணி அடித்தது. அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டாள்.

ஐயாசாமி கண்ணாடிக் கோலைப் பட்டில் உரசி, மறுபடியும் மின்னேற்றினார். இலை விரிந்தது. மாசாணியம்மாளைப் பக்கத்திலேயே நிற்கச் சொன்னார். பத்து நிமிஷம் ஆயிற்று, இலை அசையவில்லை. தன் கருவியின் மேலேயே அவருக்குச் சந்தேகம் வந்தது.

"கை மாத்திப்போட்டா. இனி போலீஸ் கேக்கற மாதிரி கேக்கட்டும்," என்றார் கம்பவுண்டர். வாசலில் நின்ற போலீஸ்காரர் உள்ளே வந்தார்.

மாசாணியம்மாள் துடைப்பத்தைச் சுவரோரம் சாய்த்து வைத்தாள். அழவில்லை. "பன்னண்டு வருசம் இந்தத் தரையக் கழுவியிருக்கறனுங்க. திரும்பி வந்ததும் ஆனைமலைக்குப் போயி, ஆத்தாளுக்கு மொளகாய் அரைச்சுப் பூசறன். எடுத்தவங்க ஊட்ட அவ பாத்துக்குவா."

திருட்டுக் கொடுத்தவர்கள் அந்த அம்மனுக்கு மிளகாய் அரைத்துப் பூசினால் திருடியவர் குடும்பமே எரியும் என்று அந்த வார்டில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. போலீஸ்காரர் அவளை நடத்திக்கொண்டு போனார்.

தம்பிதுரை வாசலையே பார்த்தபடி கேட்டார். "வாத்தியாருங்க, எனக்கு நல்லது பண்ணுன ஊசிதானுங்களே அது. ஒடம்போட வெச்சிருந்தா கெடுதலுங்களா?"

"டாக்டரு நாள்கணக்குப் பாத்து வெச்சா மருந்துங்க. ஒரே இடத்துல ஒட்டிட்டே இருந்தா நல்ல தசை, கெட்ட தசைன்னு அதுக்குத் தெரியாது. மொதல்ல வேர்க்குருவாட்டம் செவக்கும். அப்பறம் தோலு வெந்து புண்ணாகும். வெச்சிருக்கறவங்களுக்கு அது தெரியல, அதுதான் எனக்குப் பயமா இருக்குதுங்க."

தம்பிதுரை கட்டிலிலிருந்து இறங்க முயன்று, ஐயாசாமியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஊசி நூலு அறுந்து படுக்கையில கெடந்துச்சுங்க, நாந்தான் எடுத்தனுங்க. அந்தம்மாளக் கூட்டிட்டுப் போக வேண்டாம்னு சொல்லுங்க," என்றார். "சின்னாத்தா பஸ் ஏறறதுக்குள்ள ஓடுங்க. ஊசி எம் புள்ள இடுப்புத் தாயத்துக்குள்ள இருக்குது."