முப்பத்தொன்றாம் நம்பர் டிங்கு

"கழுத்துல பித்தளை டோக்கன் தொங்கும். முப்பத்தொண்ணுன்னு அடிச்சிருக்கும். திருப்பிப் பாத்துட்டு, இருக்கா இல்லையான்னு சொல்லுங்கண்ணே."

நாய்க் கூண்டுக்கு வெளியே இடுப்பில் கைவைத்து நின்றாள் வரலட்சுமி. தெருநாய்களைப் பிடித்து அடைக்கும் நகராட்சிக் கொட்டகைக்குப் பொறுப்பாளரான வேம்புலி கம்பிக்குள் கையை விட்டு, அந்தச் செம்பட்டை நாயின் கழுத்துப் பட்டையைத் திருப்பினார். டோக்கனில் அப்பியிருந்த சேற்றைக் கட்டைவிரலால் தேய்த்தார்.

"முப்பத்தொண்ணுதான் கீது" என்றார், அரை மனதாக.

ஆவடி ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் அது ஒரு வழக்கம். வேலைக்குப் போகிறவர்கள் டோக்கன் மாட்டுவதைப் போல, வளர்ப்பு நாய்க்கும் வீட்டு எண் அடித்த பித்தளை டோக்கன் மாட்டிவிடுவார்கள். வழி தவறிய நாயை யார் பார்த்தாலும் டோக்கனைப் படித்து, அந்த எண் வீட்டு வாசலில் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். பட்டாபிராம் வரை போன நாய்கூட அப்படி வீடு திரும்பியிருக்கிறது. ஆனால் கொட்டகைக்குள் வந்துவிட்ட நாயின் கதை வேறு. சாயங்காலம் பெரிய வண்டி வரும். அதில் ஏற்றப்பட்ட நாய் எதுவும் இதுவரை திரும்பி வந்ததில்லை.

"இங்கே கீதுன்னு உனக்கு எப்டிம்மா தெரியும்?"

"விடியக்காலைல ஜன்னல் வழியா உங்க வண்டியைப் பாத்தேன். கதவைத் திறந்து ஓடி வர்றதுக்குள்ள தெரு முனையைத் தாண்டிட்டீங்க."

வேம்புலிக்கு இன்னும் சந்தேகம் போகவில்லை. போன வாரம்தான் கரையான்சாவடியிலிருந்து ஒருவன் வந்து, கண்ணீர் விட்டு அழுது, யாரோ வளர்த்த நாயை ஓட்டிக்கொண்டு போயிருந்தான். மேஸ்திரியிடம் வாங்கிய திட்டு இன்னும் காதில் ஒலித்துக்கொண்டிருந்தது.

"டோக்கன் நம்பரை யார் வோணா சொல்லலாம். நான் எத்த வச்சி நம்பறது?"

வரலட்சுமி சிரித்தாள். "மூணு வருஷமா என் தூக்கத்தைக் கெடுக்கிற நாய் இது. என்னைவிட இதைப் பத்தி யாருக்குத் தெரியும்? கேளுங்க."

அவர் கேட்பதற்கு முன்பே அவள் தொடங்கிவிட்டாள். முதல் ஷிஃப்ட் சங்கு ஊதினால் அதுவும் சேர்ந்து ஊளையிடும். வாசலில் கிடக்கும் செருப்பில் இடது காலைத்தான் கடிக்கும், வலதைத் தொடாது. தக்காளிச் செடியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு அந்தக் குழியில் படுத்துக்கொள்ளும். மீன் விற்கும் அங்கம்மா வந்தால் தெரு முழுக்க அவள் பின்னாலேயே போகும், தபால்காரரைக் கண்டால் மட்டும் துரத்தும். இடது பின்னங்காலில் காசு அகலத்துக்கு முடி இருக்காது.

வேம்புலி பின்னங்காலைப் பார்த்தார். அந்த இடம் வழுக்கையாகத்தான் இருந்தது.

"என் ஊட்டுக்காரி என்னியப் பத்தி அவங்க அம்மாகிட்ட சொல்ற மாதிரியே சொல்றியே" என்று சிரித்தவர், கடைசியாக ஒரு சோதனை வைத்தார். "செரி, கூப்டு. உன்னாண்ட வருதான்னு பாக்கலாம்."

"டிங்கு."

நாய் காதுகளை மடித்துக்கொண்டு கூண்டின் மூலைக்குப் போய் ஒடுங்கியது. வேம்புலியின் சிரிப்பு நின்றுவிட்டது.

"இன்னாம்மா இது?"

"பயப்படுது. என்கிட்ட விளக்குமாத்தால நிறைய வாங்கியிருக்கு" என்றாள் வரலட்சுமி, சற்றும் அசராமல்.

பிறகு புடவையைச் செருகிக்கொண்டு கம்பியருகே குந்தினாள். இதுவரை இல்லாத ஒரு மெதுவான குரலில் பேசினாள்.

"டிங்கு, உமா காலையிலேர்ந்து ஒரு வாய் சாப்பிடலடா. கேட்டைப் பிடிச்சிட்டு அழுதுட்டே இருக்கா. வா, உமாகிட்ட போகலாம்."

உமா என்ற பெயரைக் கேட்டதும் மடிந்திருந்த காதுகள் நிமிர்ந்தன. நாய் எழுந்து, உடம்பு முழுவதையும் ஆட்டிக்கொண்டு, கம்பி இடுக்கில் மூக்கை நுழைத்தது.

"உமா யாரும்மா?"

"ஒண்ணாங்கிளாஸ் படிக்குது. இது பக்கத்துல இல்லைன்னா தூங்காது."

"மொதல்லியே இத்த சொல்லக் கூடாதா?" வேம்புலி தாழ்ப்பாளை இழுத்தார். ஒரு கயிற்றையும் தேடிக் கொடுத்தார். "இட்டுகினு போம்மா. புள்ள பசியோட கீது."

குவார்ட்டர்ஸ் வரும்வரை வரலட்சுமி நடக்கவில்லை, டிங்குதான் அவளை இழுத்துக்கொண்டு ஓடியது. கேட்டில் கயிற்றைக் கட்டிவிட்டுக் கதவை ஓங்கித் தட்டினாள். உள்ளேயிருந்து கொலுசுச் சத்தம் ஓடிவந்தது.

பொழுது சாய்ந்து ஷிஃப்ட் முடிந்து வந்த பாஸ்கரன், டிரான்ஸிஸ்டரைத் திருகியபடியே மனைவியைக் கேட்டான்.

"ஏன் வரம், உமாவோட நாய் கிடைச்சிடுச்சாமே? பாவம், அவங்கம்மா கஸ்தூரி காலையிலேர்ந்து ஏரிக்கரை வரைக்கும் போய்த் தேடியிருக்கா. யாரோ கேட்டில கட்டிட்டு, கதவைத் தட்டிட்டு ஓடிட்டாங்களாம். யாரா இருக்கும்?"

"யாரா இருந்தா நமக்கென்ன?" என்றாள், அந்த நாயால் கஸ்தூரியோடு இரண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத முப்பத்திரண்டாம் நம்பர் வீட்டு வரலட்சுமி. "முதல்ல பேப்பரும் பேனாவும் எடுங்க. அது குரைக்கிற குரைப்புக்கு அசோசியேஷனுக்கு இன்னொரு புகார் எழுதணும்."