ஏழு கிலோப் பெட்டி

"இதுலயும் கடகடன்னு சத்தம் வருதுங்களே தம்பி. வேற காட்டுங்க."

நாச்சியம்மாள் அந்தப் பெட்டியையும் ஓரமாகத் தள்ளினாள்.

கிராஸ்கட் ரோட்டில் அந்த சூட்கேஸ் கடையில் வேலை பார்க்கும் ஜெரோம் பொறுமைசாலி. விமானத்தில் கையோடு கொண்டுபோகிற பெட்டிக்கு நீளம், அகலம் பார்ப்பார்கள், எடை பார்ப்பார்கள். சக்கரத்தின் சத்தத்தைக் குனிந்து காது கொடுத்துக் கேட்டவர் இந்த அம்மா ஒருத்தர்தான்.

"ஏர்போர்ட் சத்தத்துல இதெல்லாம் கேக்காதுங்கம்மா" என்றான்.

"எனக்குக் கேக்குதுங்களே" என்றாள் அவள்.

ஸ்டூலில் உட்கார்ந்திருந்த மகள் கனிஷ்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மெல்போர்னில் கணவன் மதன்குமார் முறுக்கி உடைத்த வலது மணிக்கட்டில் இன்னும் பலம் வரவில்லை. அந்தக் கையோடுதான் கோபிசெட்டிபாளையத்துக்கு, பெற்றவர்களிடம் ஓடி வந்தாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை திரும்பவும் அவனிடமே போகிறாள்.

முடிவு செய்தது அப்பா நஞ்சுண்டன். மாப்பிள்ளை வீட்டார் வந்து பேசினார்கள். இனிமேல் பையன் கை நீட்ட மாட்டான், அதற்கு நான் பொறுப்பு என்றார் சம்பந்தி. அப்பா குலதெய்வக் கோயிலுக்குப் போய்ப் பூ கேட்டார். வெள்ளைப்பூவையும் சிவப்புப்பூவையும் தனித்தனியாக இலையில் மடித்துச் சாமி காலடியில் போட்டு ஒன்றை எடுக்கச் சொன்னார்கள். வெள்ளை வந்தது. அனுப்பலாம் என்று சாமியே சொல்லிவிட்டதாம். அப்புறம் அடிபட்டவளைக் கேட்பதற்கு என்ன இருக்கிறது?

அன்றைக்குக் கனிஷ்கா அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். 'எம்புள்ள போக மாட்டா' என்று ஒரு சொல் வந்தால் போதும். அம்மாவோ, உடைத்த தேங்காய் மூடிகளை எடுத்துக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். பெற்ற வயிறும் கல்லாகிப்போகும் என்று கனிஷ்கா அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டாள்.

கோயிலில் வாய் திறக்காத அம்மாதான் இன்றைக்குப் பெட்டிச் சக்கரத்துக்கு இத்தனை நியாயம் பேசுகிறாள்.

அப்பா பரவாயில்லை. வந்ததும் வராததுமாக, "செலவப் பாக்காத அம்மணி, இருக்கறதுலயே பெருசா எடுத்துக்க" என்று இரண்டு பெரிய பெட்டிகளை வாங்கிப்போட்டார். பருப்புப்பொடி, முறுக்கு, பட்டுச்சேலை எல்லாம் அதில் போய்விடும். வெறுங்கையோடு மகளை அனுப்பினான் என்று நாளைக்கு ஒருத்தன் பேசக் கூடாது அவருக்கு. இப்போது கல்லாப் பக்கம் நின்று சம்பந்தியிடம் போனில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்.

ஜெரோம் ஒரு கறுப்புப் பெட்டியைக் கொண்டு வந்தான். ரப்பர் சக்கரம் என்றான். ஏழு கிலோ வரைக்கும் விமானத்தில் கையோடு விடுவார்கள், அதற்கு இதுவே தாராளம் என்றான்.

நாச்சியம்மாள் வழவழப்பான தரையில் அதை அக்கட்டயும் இக்கட்டயும் உருட்டினாள். சத்தமே இல்லை.

"இது கட்டிலுக்கு அடியில போவுங்களா?"

ஜெரோமுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஃப்ளைட்டுல கட்டில் ஏதுங்கம்மா? தலைக்கு மேல வெக்கறதுக்கு எடம் இருக்குதுங்க."

"போவுமான்னு கேட்டேனுங்க."

"போவுங்க."

அவள் மகள் பக்கம் திரும்பினாள். "கண்ணு, இடது கையில இதைத் தூக்கிட்டு அந்தப் படியில ஏறி எறங்கு."

கடைக்குள்ளே மேல்மாடிக்குப் போகும் படி. வந்திருந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். உள்ளே நாலைந்து கனமான பைகளை வைத்து மூடி, அம்மாவே பெட்டியை நீட்டினாள். கனிஷ்கா தூக்கிக்கொண்டு ஏறினாள், இறங்கினாள். மறுக்கா ஒருதரம் வேகமாக இறங்கச் சொன்னாள் அம்மா. அதையும் செய்தாள். கீழே வந்தபோது மூச்சு வாங்கியது. கண்ணில் தண்ணீர் நின்றது.

கல்லாவிலிருந்து அப்பா குரல் கொடுத்தார். "ஏம்புள்ள, கைப்பெட்டி ஒண்ணு வாங்கறதுக்கு இத்தன கூத்தா? நேரமாவுதில்ல?"

"ஆச்சுங்க, வாரமுங்க" என்றாள் நாச்சியம்மாள். பில் போடச் சொல்லி ஜெரோமை அனுப்பினாள்.

கனிஷ்காவால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். "இந்தப் பெட்டி மேல இருக்கற அக்கறை எம்மேல இல்லயாம்மா உனக்கு? கோயில்ல ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் போகாம இருந்திருப்பேன்."

நாச்சியம்மாள் கல்லாப் பக்கம் திரும்பினாள். கணவர் இன்னும் போனில்தான் இருக்கிறாரா என்று ஒருமுறை எட்டிப் பார்த்தாள். பிறகு பெட்டியின் வெளிப்பக்க ஜிப்பைச் சரிபார்ப்பவள் போலக் குனிந்தாள்.

"உங்கப்பா முன்னால வாயத் தொறக்கற தைரியம் எனக்கு என்னைக்குமே வந்ததில்ல கண்ணு. அது எம்பாவம்" என்றாள். "பாஸ்போர்ட்டு எப்பவும் இந்த ஜிப்புக்குள்ளயே இருக்கோணும். அவன் கையில குடுத்துப்போடாத."

கனிஷ்கா புரியாமல் பார்த்தாள்.

"போறதுக்குத்தான் உங்கப்பா அத்தப் பெரிய பெட்டி ரெண்டு வாங்கிக் குடுத்துட்டாரு. இது, நீ திரும்பி வாரதுக்கு."