முதல் வாய்

பனை உச்சியில் கட்டியிருந்த கள்ளுக்கலயத்துக்கு ஒரு முறை உண்டு. அசலூரிலிருந்து வருகிறவருக்கு முதல் வாய். உள்ளூர்க்காரர்கள் தங்கள் முறைக்குக் காத்திருக்க வேண்டும்.

மலைக்கு அப்பால் பல காலம் பழந்தின்று திரிந்த வௌவால் ஒரு சாயங்காலம் அந்தப் பனைக்குத் திரும்பி வந்தது. கலயத்தருகே இருந்த அணில் மரியாதையாக ஒதுங்கியது.

"வாங்க, வாங்க. எந்தப் பக்கத்துலேர்ந்து வர்றீங்க? முதல் வாய் உங்களுக்குத்தான்."

வௌவாலுக்கு முகம் விழுந்துவிட்டது. 'இந்தப் பனையிலேயே நான் விருந்தாளி ஆயிட்டேனா?' ஒரு வாய் உறிஞ்சியது. நல்ல கள்தான், ஆனாலும் தொண்டையில் இறங்கவில்லை. கிளம்பிவிடலாம் என்று சிறகை விரித்தது.

அப்போது கீழிருந்து மூச்சிரைக்க ஏறி வந்த கிழட்டு மரநாய் அதைப் பார்த்துவிட்டது.

"அடேய், யாரைக் கேட்டுடா கலயத்துல வாய் வச்சே?"

"அவங்க விருந்தாளி, அண்ணே," என்றது அணில்.

"இவனா? போதையில கலயத்துக்குள்ள விழுந்தவனைக் காலைப் பிடிச்சுத் தூக்கினதே நான்தான். முறை தப்பினதுக்கு இன்னைக்கு நீதான்டா கடைசி. போய்த் தொங்கு."

வௌவால் ஓரத்து மட்டையில் போய்த் தொங்கியது. அதன் முறை வந்தபோது மிஞ்சியிருந்தது அடிமண்டிதான். அதிலும் ஓர் எறும்பு மிதந்தது. வௌவால் கண்ணை மூடிக்கொண்டு, சொட்டு விடாமல் நக்கிக் குடித்தது.