மலையுச்சியில் ஓர் ஆள்கணக்கு

கென்டக்கி மலைகளில் அந்த மாவட்டம் நிலைக்க இன்னும் ஒரு தலை தேவைப்பட்டது. கிடைக்காவிட்டால் பக்கத்து மாவட்டத்தோடு இணைத்துவிடுவார்கள், பள்ளிக்கூடத்தை மூடிவிடுவார்கள். கணக்கெடுக்க வந்த டென்சிலுக்கு மிஞ்சியிருந்தது கிழவர் ஓர்விலின் வீடு மட்டுமே. குரல் கொடுக்காமல் வேலி தாண்டுபவனை அங்கே சுடுவது வழக்கம். ஆகவே வெளியே நின்று, "வீட்ல யாருங்க?" என்று கூவினான்.

"ரெண்டு பேரு. எழுதிக்கப்பா," என்றது உள்ளிருந்து ஒரு பெண்குரல்.

இரண்டு என்று எழுதியதும் முதுகில் துப்பாக்கி முனை பட்டது. காட்டிலிருந்து திரும்பிய ஓர்வில் நின்றிருந்தார்.

"சர்க்கார் நாயே, என் வாசல்ல என்னடா மோப்பம்?"

"ரெண்டு பேருன்னு வீட்டம்மா சொன்னாங்க, ஐயா."

"என் பொண்டாட்டி மேவிஸ நானே குழிவெட்டிப் புதைச்சேன். கதவு வெளியில பூட்டியிருக்கு, கண்ணு அவிஞ்சா போச்சு? கணக்குக் காட்டச் செத்தவளையும் சேர்ப்பியா?"

"அந்தப் பிள்ளைய ஏன் மிரட்டற, ஓர்வில்?" என்றது அதே குரல்.

ஓர்வில் துப்பாக்கியைத் தாழ்த்தினார். வீட்டுச் சாவியை வேலிக்கம்பத்தில் மாட்டிவிட்டு டென்சிலின் காரில் ஏறிக்கொண்டார்.

"மாவட்டத்தத் தாண்டி எங்கயாவது விட்டுரு. இனி இங்க வரமாட்டேன்."

பூட்டிய வீட்டின் புகைபோக்கியில் புகை எழுந்தது. டென்சில் இரண்டை அடித்துவிட்டு ஒன்று என்று எழுதினான்.

பள்ளிக்கூடம் தப்பியது.