கூழுக்குள் நண்டு

பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் சேர்ந்து எழுதும் இணைய விக்கியில், பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் ஒடியல் கூழ்ப் பக்கம்தான் தலையிடியாகிவிட்டது. பிள்ளைகள் சைவக் கூழ் என்று எழுதி வைக்க, யாரோ உள்ளே புகுந்து நண்டைப் போட்டுவிட்டுப் போகிறார்கள்.

நஸ்லியா ரீச்சர் மடிக்கணினியோடு பாடசாலை அதிபர் இராசநாயகத்தின் அறைக்குப் போனாள். நெற்றி நிறையத் திருநீற்றோடு அவர் நிமிர்ந்தார்.

"சேர், நேற்றும் நண்டு போட்டிருக்கு. பிள்ளையள் ஆளையாள் சந்தேகப்பட்டுச் சண்டை பிடிக்கினம். பக்கத்தைப் பூட்டட்டோ?"

"சீச்சீ, பூட்டாதேங்கோ ரீச்சர். ஆரும் திருத்தலாம் எண்டு நீங்கள்தானே சொன்னியள்? உவங்கள் பெடியளின்ரை குழப்படி. விடுங்கோ."

"ஆளைப் பிடிக்கலாம் சேர். ஆர் எதை மாத்தினாலும் பேரோடை பதிஞ்சிருக்கும். இந்தாங்கோ, பாருங்கோ."

"பேரோடையோ?" அதிபர் எழும்பியே விட்டார்.

அதற்குள் பக்கம் திறந்துவிட்டது. நண்டு விழுந்த இடமெல்லாம் ஒரே பெயர். போன மாதம் அதிபருக்கென்று நஸ்லியாவே திறந்து கொடுத்த கணக்கு.

அதிபர் மெல்ல உட்கார்ந்தார்.

"அரியாலையிலை நண்டுக் கூழ் குடிச்சு வளந்தவன் ரீச்சர். கலியாணத்தோடை சைவமாகிட்டன். ஆனாலும் நண்டில்லாததைக் கூழெண்டு எழுதியிருக்க, மனம் கேக்கேல்லை."

நஸ்லியா சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"நண்டுக் கூழுக்கு வேறை பக்கம் திறந்து விடுறன் சேர். நாளைக்கு எங்கடை வீட்டிலையும் அதுதான். கொஞ்சம் கொண்டு வாறன்."

அதிபர் கதவுப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"மூடியை நல்லா இறுக்கிக் கொண்டு வாங்கோ. பக்கத்து வகுப்பிலை படிப்பிக்கிறது என்ரை மனுசியெல்லோ."