வாசனையில் பேசிய புழு

மக்கிப்போன வாழை மட்டைக்கு அடியில் ஒரு நூற்புழு இருந்தது. கண்ணுக்குத் தெரியாத உடம்பு, ஆனால் ஓயாத பேச்சு. புழுக்களுக்குப் பேச்சு என்றால் வாசனைதான். "இங்கே சாப்பாடு ஏராளமா இருக்கு, எல்லாரும் வாங்க" என்று சொந்தக்காரர்களுக்கு வாசனை விட்டுக்கொண்டே இருந்தது.

பக்கத்தில் ஒரு பூஞ்சை வெள்ளை இழைகளாகப் படர்ந்து, மட்டையைத் தின்றபடி கிடந்தது. காது கேட்காத ஜென்மம் என்று புழு அதை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை.

ஒருநாள் பூஞ்சையின் மேல் சின்னச் சின்ன வளையங்கள் முளைத்திருந்தன.

"பூஞ்சையண்ணே, நேத்து இது இல்லையே. எப்படி வந்துச்சு?"

"நீ வாசனையில பேசினதுல வந்துச்சு."

"சொந்தக்காரங்களுக்கு நான் விடுற வாசனை உனக்குப் புரியுமா?"

"ஒண்ணும் புரியாது. புழு பேசுதுன்னு மட்டும் தெரியும். பசி நேரத்துல அது தெரிஞ்சா எனக்கு வளையம் முளைக்கும்."

புழு ஆசையாக ஒரு வளையத்தின் அருகே போய் அளந்து பார்த்தது. சரியாக ஒரு புழு நுழையும் அகலம். விளிம்பெல்லாம் பசை. மெல்லப் பின்வாங்கியது.

அப்போது மட்டையின் அந்தப் பக்கத்திலிருந்து அத்தையின் வாசனை வந்தது. "பிள்ளைகளோட வந்துட்டோம். எந்தப் பக்கமா வரணும்?"

"வராதீங்க அத்தை" என்று தன்னிடம் இருந்த வாசனையை எல்லாம் கொட்டிக் கத்தியது புழு.

பூஞ்சைக்கு இன்னொரு வளையம் முளைத்தது.