பூச்சிக்கு ஒரு ஸ்டார்

“டீச்சர், உங்க சேருக்கு அடியில பூச்சி!” அமலா கத்தினாள்.

திண்டிவனத்திலிருந்து கெடார் பக்கத்துப் பள்ளிக்குப் புதிதாக வந்திருந்த ராஜமதி டீச்சர் சமணக் குடும்பம். எறும்பைக்கூட மிதிக்க மாட்டார்.

“அது பாட்டுக்கு இருக்கட்டும்மா. அடிக்காம, கத்தாம, இடத்தை விட்டு எழுந்திருக்காம பாடம் கேட்கிறவங்களுக்கு ஆளுக்கொரு ஸ்டார்!”

வகுப்பு மூச்சுக் காட்டவில்லை. ஒரு ஸ்டாருக்கு இவ்வளவு மகிமையா! டீச்சர் உட்கார்ந்தபடியே காலை ஆட்டிக்கொண்டு பாடத்தை முடித்தார்.

மணி அடித்தது.

“வாங்க, வந்து ஸ்டார் வாங்கிக்கங்க.”

ஒருவரும் கிட்டே வரவில்லை.

“ஏன், அந்தப் பூச்சி இன்னும் போகலையா?”

அமலா சொன்னாள்:

“போவல டீச்சர். பேரைச் சொல்லக் கூடாதுன்னுதான் பூச்சின்னேன். காலை ஆட்டாதீங்க... படம் எடுத்துக்கினு இருக்குது.”